1972-இல் வாகா வழியாகத் திரும்பிய போர்க்கைதிகள்: பெரியப்பாவின் அட்டையும் ஒரு சந்தேகமும்

கண்ணமங்கலம் சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லையில் பிடிபட்டு, ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பாகிஸ்தான் முகாமில் இருந்து, 1972 டிசம்பர் 1 அன்று வாகா வழியாகத் திரும்பியவர். சென்ற மாதம் அவருடைய கருமாதி முடிந்தபின், பரண்மேல் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தோம். கம்பளிச் சட்டைக்கு அடியில், பழைய ரேஷன் அட்டையின் மடிப்புக்குள் ஒரு சிறிய அட்டை இருந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பதவி, படை எண், வீட்டு முகவரி என்று அச்சிட்ட கோடுகள். அவற்றின்மேல் பெரியப்பாவின் கையெழுத்து. உடல்நிலை என்ற இடத்தில் 'நலம்', 'இலேசான காயம்', 'கடும் காயம்' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் அச்சாகியிருக்கின்றன. அவர் முதலில் 'இலேசான காயம்' என்பதன் கீழ்க் கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, 'நலம்' என்பதன் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார். அட்டையில் தபால்தலை ஒட்டிய அடையாளமே இல்லை.

அந்த அட்டை வந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 'காணவில்லை' என்று மார்கழியில் தந்தி வந்ததிலிருந்து, தை அமாவாசைக்குப் படையல் போட்டுவிடலாம் என்று பங்காளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டி சம்மதிக்கவில்லை. மாசியில் தபால்காரர் இதைக் கொண்டுவந்தபோது, தபால்தலை இல்லாத அஞ்சலுக்கு இரட்டைக் கட்டணம் கேட்பார்கள் என்று அஞ்சி, அடுக்குப்பானையிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். தபால்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் சந்தேகம் இதுதான். ஊரில் எல்லோரும், 'பாகிஸ்தான்காரன் மனசு வைத்து விட்டுவிட்டான்' என்றே இன்றுவரை சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். 'எவனும் மனசு வைக்கவில்லை, கணக்கு முடிந்தது, வந்தேன்' என்பார். அவர் 'கணக்கு' என்று எதைச் சொன்னார் என்பதைப் படை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார் எழுதியது:

தம்பி, உங்கள் பெரியப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் பிறந்த கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். அங்கே சிறுபிள்ளைகளுக்குக்கூட ரெஜிமெண்டுப் பெயர்கள் தெரியும். ஆனால் போர்க்கைதியின் உரிமை என்ன என்பது, சீருடை போட்டவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1949-ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை முழுக்க முழுக்கப் போர்க்கைதிகளைப் பற்றியது. அதன் 118-ஆம் பிரிவு, தீவிரமான சண்டை ஓய்ந்தவுடன் தாமதமின்றிக் கைதிகளை விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்று விதிக்கிறது. இதில் கருணைக்கு இடமே இல்லை. படையில் இருந்தது குற்றமல்ல. ஆகையால் அவனுக்குத் தண்டனைக்காலம் என்று ஒன்றும் கிடையாது. மறுபடி வந்து சண்டை போடாதபடி தடுத்து வைப்பதுதான் நோக்கம், அந்த நோக்கம் முடிந்தால் தடுத்து வைப்பதும் முடிய வேண்டும். உங்கள் பெரியப்பா 'கணக்கு முடிந்தது' என்றது இதைத்தான்.

நீங்கள் கண்டெடுத்தது சிறைபட்டோர் அட்டை. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியும் இரண்டு அட்டைகள் எழுத வாய்ப்புத் தர வேண்டும் என்று 70-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மைய முகமைக்கு. 74-ஆம் பிரிவின்படி கைதிகளின் அஞ்சலுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் பாட்டி கொண்டுவந்த சில்லறையைத் தபால்காரர் வாங்காமல் விட்டது அவருடைய நல்ல மனத்தால் மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான் இருந்தது.

அழித்த கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அட்டையை அதிகாரி படிப்பார், தணிக்கைக்காரர் படிப்பார், கடைசியில் அம்மா கையில் போய்ச் சேரும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். எலும்பு முறியாத காயத்தை எங்களில் யாரும் வீட்டுக்கு எழுதியதில்லை.

ஆரணி வழக்குரைஞர் எழுதியது:

சுபேதார் ஐயாவின் விளக்கம் சட்டப்படி சரியானது. நடந்தது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். மேற்கில் சண்டை ஓய்ந்தது 1971 டிசம்பர் 17 அன்று. கைதிகள் மாற்றம் நடந்தது 1972 டிசம்பர் 1 அன்று. பாகிஸ்தானிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். மேற்கு முனையில் பிடிபட்ட பாகிஸ்தானியர்கள் இங்கிருந்து போனார்கள். ஏறக்குறைய ஓராண்டை 'தாமதமின்றி' என்ற சொல்லுக்குள் எந்த நீதிமன்றமும் அடக்காது.

கிழக்கில் நம்முடைய கணக்கு இன்னும் நீளமானது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்த பாகிஸ்தானியர்கள், குடிமக்களையும் சேர்த்து, சுமார் 93,000 பேர். 1972 ஜூலை 2 அன்று சிம்லா உடன்பாடு கையெழுத்தானபோதும் அவர்களின் விடுதலை முடிவாகவில்லை. அவர்கள் இந்திய, வங்கதேசக் கூட்டுத் தலைமையிடம் சரணடைந்தவர்கள், ஆகவே வங்கதேசத்தின் இசைவு இல்லாமல் அனுப்ப இயலாது என்பது இந்தியாவின் வாதம். போர்க்குற்றத்துக்காக 195 பேரை விசாரிக்க வேண்டும் என்று வங்கதேசம் நின்றது. பாகிஸ்தானோ வங்கதேசத்தை அங்கீகரிக்காமல் இருந்தது. 1973 ஆகஸ்டு 28 அன்று டெல்லியில் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் ரயில்கள் வாகாவை நோக்கிப் புறப்பட்டன. 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டு, அந்த 195 பேரும் விசாரணை இன்றியே திரும்பினார்கள்.

நம் மேடைகளில் இதைப் பெருந்தன்மை என்று பேசுவது வழக்கம். அந்த முகாம்களில் கைதிகள் பொதுவாக நன்றாகவே நடத்தப்பட்டார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே பஞ்சாபிலும் எல்லைப்புற மாகாணத்திலும் எத்தனையோ பாட்டிகள், உங்கள் பாட்டியைவிட ஓராண்டுக்கும் மேலாகக் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார் எழுதியது:

வக்கீல் ஐயா சொல்வதை மறுக்க என்னால் முடியவில்லை; மறுக்கவேண்டும் என்று மனம் மட்டும் சொல்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லையைத் தாண்டியவனை மாலை போட்டு நேரே காட்பாடி ரயிலில் ஏற்றிவிட மாட்டார்கள். மருத்துவச் சோதனை நடக்கும். அதன்பின் விசாரணை: எப்படிப் பிடிபட்டாய், எதைச் சொன்னாய், முகாமில் வேறு யாரைப் பார்த்தாய். முதல் இரண்டு கேள்விகள் மனத்தைப் புண்படுத்தும். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது, ஏனென்றால் பட்டியலில் இல்லாத ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்குத் திரும்பி வந்தவனின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சுபேதார் ஐயாவின் மூன்றாவது கேள்வியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாய்மாமா அதே போரில் காணாமல் போனவர். எங்களுக்கு அட்டை வரவில்லை.

1972 டிசம்பரில் வந்தவர்களின் பெயர்களை வானொலியில் வாசிக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒரே வீட்டின் திண்ணையில் அத்தை மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்வார். அந்த ஆண்டிலிருந்து அவருடைய வாழ்க்கை இரண்டு விண்ணப்பங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. இறந்தார் என்று ஒப்புக்கொண்டால் குடும்பப் பென்ஷன் உண்டு, தாலியைக் கழற்ற வேண்டும். உயிரோடு இருக்கிறார் என்றால் தாலி உண்டு, காகிதம் ஒன்றும் நகராது. ஏழாண்டு செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இருக்கிறதாம். ஏழாண்டு எண்ணியதும் எழுத்தர் ஒருவர் அதை எடுத்துக் காட்டினார். அத்தை கையெழுத்துப் போட்டார். தாலியைக் கழற்றவில்லை. ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பப்பட்ட 54 பேரின் பட்டியலை அரசே ஒப்புக்கொண்டது. 2007-இல் உறவினர்கள் 14 பேர் பாகிஸ்தானுக்குப் போய்ச் சிறைகளைப் பார்வையிட்டு, ஒருவரையும் காணாமல் திரும்பினார்கள். அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்பதே அந்நாட்டின் பதில். என் மாமாவின் பெயர் அந்தப் பட்டியலிலும் இல்லை. இத்தனைக்கும் நடுவில், 'ஒருவேளை அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கியிருப்பார்' என்று ஆறுதல் என்ற பெயரில் சொல்கிறவர்கள் உண்டு. போர்க்கைதி ஒருவர் திரும்ப மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அதை யாராவது பதிவு செய்வார்களா? வழக்குரைஞர் ஐயா பதில் தரவேண்டும்.

ஆரணி வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, முடியும், அதைப் பதிவு செய்த முறையும் வரலாற்றில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டுப் படையே செய்தது. கொரியப் போர் 1953-இல் ஓய்ந்தபோது, ஐ.நா. தரப்பிடம் இருந்த வடகொரிய, சீனக் கைதிகளில் 22,000-க்கும் மேற்பட்டோர் ஊருக்குப் போக மறுத்தார்கள். மறுதரப்பிடம் இருந்தவர்களில் அப்படி மறுத்தோர் 359 பேர். இவர்களைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. காவலுக்குப் போனது மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியப் படை. கைதியின் சொந்த நாட்டுப் பிரதிநிதி, நடுநிலையாளர்களின் முன்னிலையில், 'நீ வரலாம், உன்னை ஒன்றும் செய்யமாட்டோம்' என்று அவனிடம் நேரில் விளக்கிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபின் அவன் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தார்கள். முகாம்களுக்குள் இருந்த குழுக்களின் மிரட்டலால் பெரும்பாலோருக்கு அந்த விளக்கமே நடக்காமல் போனது தனிக்கதை.

கடைசியில் இரண்டு பக்கமும் போகமாட்டோம் என்ற 88 பேரை நம் படை தன்னோடு கப்பலில் அழைத்துவந்தது. 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கிய துறைமுகம் சென்னை. அவர்களில் சிலர் பிறகு தென்னமெரிக்க நாடுகளுக்குப் போய்க் குடியேறினார்கள்.

நான் சொல்ல வருவது என்னவென்றால், 'திரும்ப விருப்பமில்லை' என்பதற்கும் ஒரு முறை உண்டு. மூன்றாம் தரப்பின் சாட்சி வேண்டும், கைதியின் வாயால் வரவேண்டும். அப்படி ஒரு பதிவு இல்லாத நிலையில் உங்கள் மாமாவைப் பற்றி அவ்வாறு பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

குடியாத்தத்துப் பேரன் எழுதியது:

எங்கள் தாத்தா 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்த படையில் இருந்தவர். இரண்டு நாள் கழித்து, இந்தியச் சிப்பாய்களை மட்டும் ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே தொடங்கியதுதான் முதல் இந்திய தேசிய ராணுவம். தாத்தா அதில் சேர்ந்தார். அதே ஊரிலிருந்து போன அவருடைய மைத்துனர் சேரவில்லை.

1945-46-இல் இருவரும் வெவ்வேறு கப்பல்களில் திரும்பினார்கள். பிரிட்டிஷ் அரசு வந்தவர்களை, தனக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் என்று பார்த்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தது. மைத்துனர் வெள்ளை, நிலுவைச் சம்பளத்தோடு வந்து, செருவங்கி ஏரிப்பாசனத்தில் ஒரு காணி வாங்கினார். தாத்தா கறுப்பு. டெல்லி செங்கோட்டை வழக்கில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரின் ஆயுள் தண்டனையை ரத்து செய்தபோதும், அவர்களைப் பதவியிலிருந்து நீக்கியதையும் நிலுவைச் சம்பளத்தைப் பறிமுதல் செய்ததையும் தலைமைத் தளபதி விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கே இல்லாத தாத்தாவும் வெறும் கையோடுதான் வந்தார். நேதாஜிக்கு ஊரில் படம் வைத்தார்கள், தாத்தா தறிக்கூலிக்குப் போனார்.

1972-இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் அறிவித்தது. சிறையில் இருந்ததற்கு ஆவணம் இல்லையென்றால் உடனிருந்த கைதியின் சான்று வேண்டும். அன்று உயிரோடு இருந்து, தாத்தாவை முகாமில் பார்த்த ஒரே ஆள் அந்த மைத்துனர்தான். ஆனால் அவர் எதிர்த்தரப்பில் நின்றவர், அவருடைய சான்று செல்லாது. முப்பது ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த இருவரும் அந்த விண்ணப்பத்துக்காகத்தான் முதன்முதலாக ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். பென்ஷன் கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் தொடர்ந்தது.

கோட்டை அகழி எழுதியது:

வேலூர்க்காரர்கள் பேசும் இடத்தில் கண்டி அரசரைச் சொல்லாமல் விடலாமா? நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்ரம ராஜசிங்கர் 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருப்பது அவருக்காகத்தான். அவருடைய அரியணையை 1934-இல் ஆங்கில அரசு இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அவர் இன்னும் நம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்.

இன்னொன்று, லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் செய்தி. மீதி 263 பேரில் எத்தனை பேர் கைதியாக இருந்து வந்தார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை. பள்ளியில் வரலாறு நடத்திய முப்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை மாணவர்களை அங்கே நிறுத்திப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கே இது இப்போதுதான் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற சுபேதார் எழுதியது:

ஆசிரியர் ஐயா, கண்டி அரசர் அரசியல் கைதி. போர்க்கைதிக்குச் சண்டை ஓய்ந்தால் விடுதலை. அரசியல் கைதிக்கு அரசு நினைத்தால்தான் விடுதலை. இந்த இழையின் கேள்விக்கே அவர்தான் எதிர்முனை உதாரணம் என்ற அளவில் ஏற்றுக்கொள்கிறேன்.

செய்யாற்றங்கரை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. அப்போது விங் கமாண்டராக இருந்த விமானப்படை வீரர் அபிநந்தனின் பூர்வீகமான திருப்பணமூர் எங்கள் பக்கம். பழைய வட ஆற்காட்டுக்குள் அடங்கியது. 2019 பிப்ரவரி 27 அன்று பிடிபட்டு, மார்ச் 1 இரவு வாகா வழியாக வந்தார். நல்லெண்ணச் சைகையாக விடுவதாகப் பாகிஸ்தான் பிரதமர் அறிவித்ததும், எங்கள் ஊர் டீக்கடையில் பாதிப்பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள், பாதிப்பேர் நம் மிரட்டலுக்குப் பயந்துவிட்டார்கள் என்றார்கள். உடன்படிக்கை என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. கண்கள் கட்டப்பட்ட நிலையில் அவரைப் படம்பிடித்துப் பரப்பியது, கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்ற 13-ஆம் பிரிவுக்கு மாறானது என்பதை நானே பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை அன்று பத்துப் பேருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

கண்ணமங்கலம் சாலை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வாசகி அம்மா எழுதியதைப் படித்தபின், எங்கள் வீட்டுக் கதையை இவ்வளவு கொண்டாட்டமாகத் தொடங்கியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

நேற்று அணைக்கட்டில் இருக்கும் என் அத்தையைப் போய்ப் பார்த்தேன். பெரியப்பாவின் தங்கை; அட்டை வந்தபோது எட்டாம் வகுப்புப் படித்தவர்; வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்தவர் அப்போது அவர் ஒருவரே. பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டியதும் அவர்தான். 118-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னேன். 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டார். அழித்த கோட்டைக் காட்டியபோதுதான் பேச ஆரம்பித்தார்.

அட்டையைக் கையில் வாங்கிய அன்றே அந்தக் கோடு அவர் கண்ணில் பட்டுவிட்டதாம். அகராதியில் பார்த்துப் பொருளும் தெரிந்துகொண்டிருக்கிறார். 'நலம்' என்பதை மட்டும் படித்துவிட்டு, மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து, மார்கழிக் கடைசியில் பெரியப்பா விடிகாலை ரயிலில் காட்பாடியில் இறங்கி ஊருக்கு வந்தார். பாட்டி அவரை வாசலிலேயே நிறுத்தி, ஆலம் சுற்றி, செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். கால்சட்டையைச் சுருட்டியபோது இடது கெண்டைக்காலில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. ஊரே கூடி நின்றதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல் முடித்து வந்த இரவு, அத்தை தாளமாட்டாமல் பாட்டியிடம் போய், அட்டையில் காயம் என்று எழுதி அழித்திருந்தது, நான்தான் மறைத்துவிட்டேன் என்று அழுதிருக்கிறார்.

'தெரியும்' என்றாராம் பாட்டி. படிக்கத் தெரியாத உனக்கு எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டதற்கு, 'அந்த எடத்துல வந்து நீ மூச்சு வாங்கினியே' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டாராம்.

அட்டையின் படத்தை நாளை ஏற்றுகிறேன். படை எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுத்தான் போடுவேன்.